பெட்ல இருக்கிற பாஸ்ஸுக்கு வெள்ளை லூர்தான் வேணும்னு யாருங்க சொன்னது?

தூண்டில்மணி:
புதுசா படிக்கிறவங்களுக்கு: பாஸ்னா இங்க அமெரிக்க ஏரிகள்ல இருக்கிற நன்னீர் மீன், லூர்னா தூண்டில்ல மாட்டுற போலி இரை, பெட்னா முட்டை போட ஏரி அடில அது தோண்டுற குழி. நேத்து நம்ம டாலஸ் ஃபிஷிங் வாட்ஸ்அப் குரூப்ல ஒரு மெசேஜ் பாத்ததுல இருந்து எனக்கு மனசே ஆறல. "மார்ச்ல முட்டை போட கரைக்கு வர்ற லார்ஜ்மவுத் பாஸ் வெள்ளை லூர மட்டும்தான் கடிக்கும், மத்த கலர் வாங்குறது காசுக்குப் புடிச்ச கேடு"ன்னு ஒருத்தர் அடிச்சு விட்டிருக்காரு, அதுக்கு வரிசையா தம்ஸ்அப் வேற. பதினோரு வருஷமா டெக்ஸஸ் லேக் ஃபோர்க் ஏரில சுத்துறவன் சொல்றேன், வெள்ளை மீனுக்கு இல்ல, நமக்கு! மூணடி தண்ணில பெட் மேல வெள்ளை ட்யூப் லூர் கெடந்தா நம்ம கண்ணுக்கு பளிச்சுனு தெரியும். மீன் அத வாயில எடுத்த நொடி வெள்ளை காணாமப் போகும், அப்ப இழுத்தாத்தான் உண்டு. ஏன்னா பெட்ல இருக்கிற மீன் பசிக்கு கடிக்கிறதில்ல, வாசல்ல கெடக்குற குப்பைய எடுத்து வெளிய போடுற மாதிரி கவ்விட்டுப் போய் துப்பிரும், ராடு புடிச்ச கைக்கு ஒண்ணுமே தெரியாது. இத தெரியாம புதுப் பசங்களுக்கு தப்பா சொல்லிக் குடுக்காதீங்க.

பிளானோபாண்டி:
அந்த "ஒருத்தர்" நான்தான். பேரச் சொல்றதுக்கு என்ன தயக்கம்? டாட்டின்னு ஒரு மீன் பத்தி கேள்விப்பட்டிருக்கீங்களா சார்? கலிஃபோர்னியா டிக்ஸன் லேக், 2006 மார்ச், 25 பவுண்டு 1 அவுன்ஸ். உலக சாதனையே 22 பவுண்டு 4 அவுன்ஸ்தான், 1932ல ஜார்ஜியால புடிச்சது, 2009ல ஜப்பான் பீவா ஏரில அதுக்கு சமமா ஒண்ணு வந்துச்சு. அந்த ரெண்டையும் தூக்கிச் சாப்பிட்ட டாட்டி எந்த லூர்ல வந்துச்சு? வெள்ளை ஜிக், அதான் ஈயக் குண்டு வச்ச லூர். பெட்ல இருந்து. வேற என்ன வேணும் உங்களுக்கு?

தூண்டில்மணி:
பாதிக் கதை சொல்றீங்களே பாண்டி. டாட்டிக்கு ஹூக் எங்க குத்தியிருந்துச்சு? வாயிலயா? உடம்புல, வெளிப்பக்கம். அதனாலதான புடிச்சவரு சாதனைக்கே போகாம தண்ணில விட்டுட்டாரு. கடிக்காத மீன வச்சு வெள்ளைய கடிக்கும்னு ப்ரூவ் பண்றீங்க.

பிளானோபாண்டி:
எங்க குத்துனா என்ன, வெள்ளை கிட்ட வந்துச்சா இல்லையா?

தூண்டில்மணி:
அது வீடே அங்கதாங்க. வெள்ளைக்காக எங்க இருந்தும் நீந்தி வரல. நீங்க அங்க செங்கல்ல எறிஞ்சாலும் கிட்டதான் இருந்திருக்கும்.

மீன்கொத்தி77:
ரெண்டு பேருக்கும் ஒரு தகவல். இல்லினாய்ஸ்ல லார்ஜ்மவுத் பாஸ்ஸோட கண்ண வச்சு ஆராய்ச்சி பண்ணி 2019ல வெளியிட்டாங்க. அதுக்கு கலர் பாக்குறதுக்கு, சிவப்புக்கு ஒண்ணு பச்சைக்கு ஒண்ணுன்னு ரெண்டு வகை செல்தான் கண்ணுல இருக்கு, அந்த ரெண்டு கலர நல்லா பிரிச்சுப் பாக்குது. ஆனா வெள்ளைக்கும் சார்ட்ரூஸ்ங்கிற பச்சை கலந்த மஞ்சளுக்கும் வித்தியாசம் தெரியாம குழம்புது, கறுப்புக்கும் நீலத்துக்கும் அதே கதைதான்.

தூண்டில்மணி:
இதத்தான நான் மொதல்ல இருந்து சொல்றேன். வெள்ளைன்னு ஒரு கலரே அதுக்கு தனியா தெரியல. வெள்ளை நமக்குத்தான்.

பிளானோபாண்டி:
ஹலோ, சார்ட்ரூஸ் ஏன் நல்லா மீன் எடுக்குதுன்னு இப்பதான் புரியுது, அதுக்கு அதுவும் வெள்ளையாதான் தெரியுது! ஆராய்ச்சி என் பக்கம். நன்றி மீன்கொத்தி.

மீன்கொத்தி77:
நான் எந்தப் பக்கத்துக்கும் சொல்லலங்க. படிச்சத போட்டேன்.

ஸ்காபரோ_கடலோடி:
நான் கனடாவில இருந்து எழுதுறன். நீங்கள் வெள்ளையோ கறுப்போ எண்டு சண்டை பிடிக்கிறியள், முட்டைக்குக் காவல் நிக்கிற மீனைப் பிடிக்கலாமோ எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. இஞ்ச தெற்கு ஒன்ராறியோவில கனக்க ஏரியளில ஜூன் பாதி கழிஞ்சுதான் பாஸ் பிடிக்கத் திறக்கிறது, அதுக்கு முதல் பிடிச்சு விடுறதுக்கெண்டு பாஸுக்குத் தூண்டில் போடுறதும் குற்றம். ஏனெண்டா ஆண் மீன்தான் வாலால குழி தோண்டி, முட்டைக்கும் குஞ்சுக்கும் காவல் நிக்கும், பெண் முட்டை போட்டிட்டுப் போயிடும். அந்த ஆணை நீங்கள் தூக்கிப் படம் எடுக்கிற நேரத்துக்குள்ள சன்ஃபிஷ் எண்ட சின்ன மீன்கள் கூட்டமா வந்து முட்டையைத் திண்டு முடிச்சிடும். இஞ்ச ஒன்ராறியோவில ஓபினிகன் ஏரியில வருசக்கணக்கா இதை ஆராய்ஞ்சிருக்கினம், திருப்பி விட்டாலும் சில ஆண் மீன்கள் கூட்டைக் கைவிட்டிட்டுப் போயிடுதாம். என்ர கண்ணாலயும் பாத்தனான், தெளிஞ்ச தண்ணியில ஒரு ஆண் பாஸ் ரெண்டடி வட்டத்தை விட்டு அசையாமல் வாற சன்ஃபிஷ் எல்லாத்தையும் கலைச்சுக்கொண்டே நிண்டது, செட்டை எல்லாம் கிழிஞ்சு போய்க் கிடந்தது. அதைப் பாத்தாப் பிறகு எனக்குத் தூண்டில் எறிய மனம் வரேல்லை.

தூண்டில்மணி:
அண்ணே, உங்க ஊர் சட்டம் உங்க ஊருக்கு. அங்க குளிர் ஜாஸ்தி, கொஞ்ச நாள்ல மொத்தமா முட்டை போட்டு முடிச்சிரும், அதனால மூடுறாங்க. டெக்ஸஸ்ல பிப்ரவரி கடைசில இருந்து ஏப்ரல் வரைக்கும் அலை அலையா வரும், ஒரு கூட்டம் போனா அடுத்த கூட்டம். இங்க வருஷம் பூரா பாஸ் புடிக்கலாம். அதுலயும் ஃபோர்க்ல 16 இன்ச்ல இருந்து 24 இன்ச் வரைக்கும் உள்ள மீன தண்ணிலயே விட்டாகணும். 13 பவுண்டுக்கு மேல புடிச்சா ஜனவரில இருந்து மார்ச்சுக்குள்ள ஸ்டேட்டுக்கே குடுக்கலாம், டெக்ஸஸ்ல ஏதென்ஸ்ங்கிற ஊர்ல இருக்கிற மீன் பண்ணைல வச்சு முட்டை எடுத்து குஞ்சு விடுறாங்க, 1986ல இருந்து நடக்குது. எங்களுக்கும் மீன் மேல அக்கறை இருக்கு.

ஸ்காபரோ_கடலோடி:
அக்கறை இருந்தால் பெட்டை விட்டிட்டு ஆழத்தில எறியுங்கோவன். சட்டம் விட்டாப்போல எல்லாம் சரியெண்டு ஆகிடுமோ?

பிளானோபாண்டி:
அண்ணே சொல்றது நியாயம், ஆனா இது வெள்ளை லூர் த்ரெட். வேற த்ரெட் போடுங்க ப்ளீஸ்.

கரிசல்காட்டான்:
எங்க கம்மாய்லயும் இதே கததான். விரால் செவப்பு செவப்பா குஞ்ச கூட்டிக்கிட்டு திரியும், தாய் விரால் கீழயே நிக்கும். குஞ்சு மேல தவளைய தூக்கிப் போட்டா ஆவேசமா வந்து அடிக்கும். எங்க தாத்தா பாத்தா அடிக்க வருவாரு, "குஞ்சோட நிக்கிறத புடிச்சா அடுத்த வருசம் கம்மாய்ல என்னடா இருக்கும்"னு கத்துவாரு. கனடா அண்ணன் பக்கம்தான் நானு.

தூண்டில்மணி:
விராலுக்கு வெள்ளைத் தவளையா போட்டீங்க? கலர் பாத்தா அடிச்சுச்சு? குஞ்சு மேல வந்து விழுந்தா அடிக்குது, அவ்வளவுதான். இதையேதான் கழுதையா கத்திக்கிட்டு இருக்கேன்!

போன மார்ச்ல நடந்தது சொல்றேன். தண்ணி 63 டிகிரி ஃபாரன்ஹீட், காலைல காத்தே இல்ல, தண்ணிக்குள்ள நிக்கிற பட்ட மரத்து அடியில ஒரு பெட், தண்ணி மேல பளபளப்ப மறைக்கிற போலரைஸ்டு கண்ணாடி போட்டா சுத்தி இருட்டா நடுவுல மட்டும் வெளுப்பா தட்டு மாதிரி தெரியுது. ஆண் ரெண்டு பவுண்டு இருக்கும், பக்கத்துல பொண்ணு ஏழுக்கு கொறையாது. வெள்ளை ட்யூப் போட்டேன், பொண்ணு திரும்பிக்கூட பாக்கல. இருபது தடவை போட்டிருப்பேன். அப்புறம் கிரீன் பம்ப்கின்ங்கிற பழுப்புப் பச்சைக் கலர்ல, பல்லி மாதிரி இருக்கிற பிளாஸ்டிக் லிசர்ட கொஞ்சமா வெயிட் வச்சு, ஹூக் நுனி லூருக்குள்ள மறையுற டெக்ஸஸ் ரிக்ல கட்டி பெட்டுக்கு அந்தாண்ட எறிஞ்சு மெதுவா உள்ள இழுத்தேன். பெட்ல ஓரத்துல ஒரு கை அகலத்துக்கு ஒரு எடம், லூர் அங்க வந்தா மட்டும் பொண்ணு தலைய கீழ குத்தி செவுள விரிக்குது, ஓரடி தள்ளிக் கெடந்தா கண்டுக்கவே மாட்டேங்குது. அந்த எடத்துலயே வச்சு இழுக்காம ராடு நுனிய மட்டும் நடுக்கிக்கிட்டே இருந்தேன், நாப்பது நிமிஷம், கால் மரத்துப் போச்சு. டக்குனு உறிஞ்சுச்சு. எடம்தான் முக்கியம் பாண்டி. கலர் இல்ல.

பிளானோபாண்டி:
ஏழு பவுண்டுன்னு சொல்றீங்க, தராசு போட்டோ எங்க? போன வருஷமும் இதே மாதிரி ஒம்பது பவுண்டுன்னு சொன்னீங்க, அதுக்கும் போட்டோ வரல. கைய கேமரா பக்கம் நீட்டி எடுத்த போட்டோல எல்லா மீனும் ஒம்பது பவுண்டுதான்.

தூண்டில்மணி:
முட்டையோட இருக்கிற மீன தராசுல தொங்க விடக்கூடாதுன்னுதான் அப்படியே விட்டேன். என் பேச்ச நம்பலன்னா நம்ப வேணாம். எங்கிட்ட வாங்கிட்டுப் போன லேண்டிங் நெட் ரெண்டு வருஷமா உங்க வீட்டு கராஜ்ல கெடக்குது, மொதல்ல அதக் குடுத்துட்டு வந்து தராசக் கேளுங்க.

பிளானோபாண்டி:
நெட்டு கிழிஞ்சதுதான குடுத்தீங்க. நான்தான் தச்சு வச்சிருக்கேன்.

ஸ்காபரோ_கடலோடி:
நாப்பது நிமிசம் ஒரு தாய் மீனை வருத்திப்போட்டு அக்கறை எண்டு கதைக்கிறியள். இதுக்கு மேல எனக்கு எழுத வருகுதில்லை.

தூண்டில்மணி:
விட்டுட்டேன்னு சொன்னேன்ல அண்ணே! ஒரு நிமிஷம்கூட தண்ணிக்கு வெளிய வைக்கல. திரும்ப அந்த பெட்டுக்கே போச்சு, நின்னு பாத்துட்டுத்தான் கெளம்பினேன்.

ஸ்காபரோ_கடலோடி:
இண்டைக்குத் திரும்பிப் போனது நாளைக்கும் நிண்டதோ எண்டு பாத்தனீங்களோ?

ஃப்ரிஸ்கோபையன்:
அண்ணே எல்லாருக்கும் வணக்கம், நான் புதுசு, இந்த சனிக்கிழமை மொத தடவையா போறேன். லைசென்ஸ் எடுத்தாச்சு. தண்ணி 58 டிகிரி காட்டுது, என்ன லூர் வாங்கட்டும்?

தூண்டில்மணி:
தம்பி, 58ல பெட்ல பெருசா ஒண்ணும் இருக்காது, 60 தாண்டணும். இப்போதைக்கு கரைக்கு வர்ற வழியில, அஞ்சுல இருந்து பத்தடி ஆழத்துல நிக்கும். லிப்லெஸ் கிராங்க்பெய்ட், அதான் மூக்குல தகடு இல்லாத குட்டி மீன் மாதிரி லூர், சிவப்புல ஒண்ணு, வெயிட் இல்லாத ஸ்டிக் வார்ம், அதான் குச்சி மாதிரி பிளாஸ்டிக் புழு, கிரீன் பம்ப்கின்ல ஒரு பாக்கெட், போதும். ஸ்டிக் வார்ம நடுவுல ஹூக் குத்தி எறிஞ்சுட்டு சும்மா விடு, அதுவே ரெண்டு பக்கமும் ஆடிக்கிட்டு எறங்கும். பெட் கண்ணுல பட ஆரம்பிச்சப்புறம் லிசர்ட் வாங்கு. வெள்ளைக்கு காச கொட்டாத.

பிளானோபாண்டி:
தம்பி, லிசர்ட் வெள்ளைலயும் வருது. ரெண்டு பாக்கெட் எடுத்துக்கோ.

தூண்டில்மணி:
எடுத்துக்கோ தம்பி, தண்ணில கெடக்குறது உன் கண்ணுக்கு நல்லா தெரியும். அதுக்குத்தான் அது.

பிளானோபாண்டி:
25 பவுண்டு 1 அவுன்ஸ். வெள்ளை ஜிக்.

தூண்டில்மணி:
வாயில குத்தல!