பள்ளிக்குப் போவதற்குள் உருகிவிடும் சாக்லேட்: பால் சேர்க்காமல், சுடாமல் செய்ய வழி சொல்லுங்கள்

அண்ணாநகர் மாடிவீடு

அனைவருக்கும் வணக்கம். வருகிற வியாழக்கிழமை என் மகளுக்கு ஏழு வயது நிறைகிறது. கைக்குழந்தையாக இருந்தபோதிலிருந்தே அவளுக்குப் பால் ஒவ்வாது. அரைக் கரண்டி தயிர் உள்ளே போனாலும் உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்துவிடும். வகுப்பில் யாருக்குப் பிறந்தநாள் என்றாலும் கொடுக்கிற சாக்லேட்டை நன்றி சொல்லி வாங்கிக்கொள்வாள். பையில் பத்திரமாக வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து தம்பியிடம் கொடுத்துவிடுவாள். இந்த வருடம் அவள் கேட்டது ஒன்றுதான்: "நான் சாப்பிடுகிற சாக்லேட்டை எல்லோருக்கும் கொடுக்க வேண்டும் அம்மா."

வீட்டில் ஓவன் கிடையாது. இரண்டு முறை செய்து பார்த்தேன், இரண்டுமே கெட்டுவிட்டன.

முதல் முறை அரை டம்ளர் செக்குத் தேங்காய் எண்ணெய், அரை டம்ளர் கோகோ பொடி, பொடித்த சர்க்கரை மூன்று கரண்டி. ஐஸ் தட்டில் ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்தேன். ஒரு மணி நேரத்தில் கண்ணாடி போலப் பளபளத்துக்கொண்டு இறுகிவிட்டது. வெள்ளோட்டமாக மறுநாள் நான்கு துண்டுகளை டப்பாவில் போட்டு அவள் பையில் வைத்தேன். மாலையில் டப்பாவில் சாக்லேட் இல்லை, கறுப்பு எண்ணெய்தான் இருந்தது. மூடியைத் தாண்டிக் கசிந்து, கணக்கு நோட்டின் ஒரு மூலை முழுவதும் ஊறி, பின்பக்கத்து எழுத்து முன்பக்கம் தெரிகிறது.

இரண்டாம் முறை, சர்க்கரைக்குப் பதில் வெல்லப் பாகு விட்டால் கெட்டிப்படும் என்று நினைத்தேன். எண்ணெயும் கோகோவும் நன்றாகக் கலந்து ரிப்பன் போல இழைந்துகொண்டிருந்தது. இரண்டாவது கரண்டிப் பாகு விட்டதும் சட்டென்று ஈரக் களிமண் போல உருண்டு, எண்ணெய் தனியே பிரிந்து நின்றது. அதைக் கொட்ட மனம் வராமல் கிண்ணத்தோடு ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறேன்.

எங்கே தவறு செய்கிறேன்? வகுப்பில் 28 குழந்தைகள்.

செக்கடித் தெரு

அம்மா, முதல் முறை உங்கள் கையில் ஒரு தவறும் இல்லை. தேங்காய் எண்ணெயின் குணம் அது. சுமார் 24 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். மார்கழியில் கோயம்புத்தூர்ப் பக்கம் காலையில் எண்ணெய்ப் புட்டியை வெயிலில் வைத்து எடுப்போமே, அந்த எண்ணெய்தானே இதுவும்! பங்குனி வெயிலில் சென்னை வகுப்பறையில் அது இறுகி நிற்காது. வெளிநாட்டுச் செய்முறைகளில் "தேங்காய் எண்ணெய், கோகோ, இனிப்பு, அவ்வளவுதான்" என்று எழுதுகிறவர்களின் சமையலறை 20 டிகிரியில் இருக்கும். நம் வீட்டுக்கு அது பொருந்தாது.

புதுச்சேரி வாசகி

எண்ணெய்க்குப் பதில் நெய் இரண்டு கரண்டி விட்டுப் பாருங்களேன். நெய்யில் பால் இல்லையே, காய்ச்சி வடித்ததுதானே. வாசனையும் நன்றாக இருக்கும்.

இரு பிள்ளைகளின் தாய்

தயவுசெய்து வேண்டாம். என் மூத்தவனுக்கும் பால் ஒவ்வாமை, அதனால் அழுத்தியே சொல்கிறேன். எவ்வளவு காய்ச்சி வடித்தாலும் நெய்யில் பால் புரதம் சிறிதளவு தங்கியிருக்கும். ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு அந்தச் சிறிதளவே போதும். வீகன், அதாவது பால் உட்பட விலங்கிலிருந்து வரும் எதையும் சேர்க்காத உணவு என்பது, வேறு சிலருக்குக் கொள்கையாகவோ விருப்பமாகவோ இருக்கலாம். எங்களைப் போன்ற வீடுகளில் அது பாதுகாப்பு. புதுச்சேரி சகோதரி நல்ல எண்ணத்தில்தான் சொன்னார், கோபமில்லை. ஆனால் இதைப் படிக்கும் வேறு யாரும் நெய் விட்டுவிடக் கூடாது.

புதுச்சேரி வாசகி

உண்மையிலேயே எனக்குத் தெரியாது. மன்னியுங்கள். என் தங்கை மகனுக்கும் இதே பிரச்சினை உண்டு, இன்றே அவளிடம் சொல்கிறேன்.

பொள்ளாச்சித் தோப்பு

எங்கள் தென்னந்தோப்பில் ஊடுபயிராகக் கோகோ போட்டிருக்கிறோம். ஆனைமலை வட்டாரத்தில் பலரும் இப்படிச் செய்கிறார்கள். காயை உடைத்து, புளிக்க வைத்து, உலர்த்தி, கொஞ்சம் வீட்டிலேயே வறுத்து அரைத்து சாக்லேட்டும் செய்வதுண்டு. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் அந்தக் களிமண் விஷயம். கோகோவும் சர்க்கரையும் எண்ணெயில் கரைவதில்லை, மிதந்துகொண்டுதான் இருக்கின்றன. அதில் கொஞ்சம் தண்ணீர் பட்டால் அந்தத் தூள்கள் எல்லாம் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு ஒன்றோடொன்று ஒட்டிவிடும், எண்ணெய் வெளியே தள்ளப்படும். வெல்லப் பாகில் இருந்த தண்ணீர்தான் அந்த வேலையைச் செய்தது. ஈரக் கரண்டி, பாத்திர மூடியிலிருந்து சொட்டும் ஆவித் துளி, இவைகூடப் போதும். இதில் ஒரு விந்தை உண்டு: சொட்டுத் தண்ணீரில் கெடுவது நிறையத் தண்ணீரில் சரியாகும். கிண்ணத்தில் இருப்பதை லேசாகச் சூடாக்கி, கொதிக்கக் கொதிக்க உள்ள கெட்டித் தேங்காய்ப்பாலைக் கரண்டி கரண்டியாக விட்டு விடாமல் கலக்குங்கள். நாலைந்து கரண்டியில் மறுபடியும் பளபளப்பாகச் சேர்ந்துவிடும். துண்டு போட முடியாது, ஆனால் வாழைப்பழத்தில் தொட்டுச் சாப்பிட அருமையான குழம்பு. ஃபிரிட்ஜில் வைத்து இரண்டு மூன்று நாளில் முடித்துவிடுங்கள்.

இனி இறுகும் விஷயம். கடையில் கிடைக்கும் அசல் சாக்லேட் நிற்பதற்குக் காரணம் கோகோ பட்டர். பெயரில் பட்டர் இருந்தாலும் அது கோகோ விதையிலிருந்து பிழியும் கொழுப்பு, பால் துளியும் இல்லை. அது பல விதமாக உறையும். சரியான விதத்தில் உறைந்தால் சுமார் 34 டிகிரி வரை தாங்கும். அதற்கு 45 டிகிரிக்கு மேல் உருக்கி, 27, 28க்கு ஆறவிட்டு, மறுபடி 31, 32க்குக் கொண்டுவர வேண்டும். வெப்பமானி இல்லாமல் கண்ணால் பார்த்துச் செய்ய எனக்கு மூன்று வருடம் ஆனது. இதைச் செய்யாமல் உருக்கி ஊற்றினால் கோகோ பட்டரும் 30 டிகிரிக்குள்ளேயே தளர்ந்துவிடும்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், அம்மா. இத்தனை பாடுபட்டாலும் ஏப்ரல் மாதத்துச் சென்னையில் நண்பகல் 36, 37 டிகிரி. அசல் சாக்லேட் எதுவும் பள்ளிப் பையில் நிற்காது. வியாழக்கிழமைக்கு வேறு வடிவம் யோசியுங்கள்.

அண்ணாநகர் மாடிவீடு

ஐயா, இவ்வளவு பொறுமையாக யாரும் எனக்கு விளக்கியதில்லை. களிமண்ணை நீங்கள் சொன்னபடியே செய்தேன். மூன்றாவது கரண்டித் தேங்காய்ப்பாலில் கிண்ணத்தின் ஓரம் மின்ன ஆரம்பித்தது, ஐந்தாவதில் முழுவதும் கூடி வந்துவிட்டது. மகள் விரலால் வழித்துச் சாப்பிட்டாள்.

இன்னொரு சந்தேகம். கடையில் டார்க் காம்பவுண்ட் என்று பெரிய கட்டி கிடைக்கிறது. வெயிலைத் தாங்கும் என்கிறார்கள். அட்டையில் பச்சைப் புள்ளி இருக்கிறது. வாங்கலாமா?

இரு பிள்ளைகளின் தாய்

பச்சைப் புள்ளியை நம்பாதீர்கள். அது சைவம் என்பதற்கான அடையாளம், பாலும் அதில் அடக்கம். வீகன் உணவுக்கென்று 2022இல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் தனி விதிகளைக் கொண்டுவந்தது, அதற்குத் தனிச் சின்னமும் உண்டு. எனினும், எங்களுக்கு அந்தச் சின்னம் மட்டும் போதாது. பால் சாக்லேட் ஓடிய அதே இயந்திரத்தில் வீகன் சாக்லேட்டும் ஓடியிருக்கலாம். பொருள் பட்டியலில் பால் திடப்பொருள், பால் கொழுப்பு, மோர்ப் புரதம், கேசின், லாக்டோஸ் இவற்றைத் தேடுங்கள். அதற்குக் கீழே சிறிய எழுத்தில் "பால் இருக்கக்கூடும்" என்று இருந்தாலும் திருப்பி வைத்துவிடுங்கள். லெசித்தின் என்று கண்டால் பயப்பட வேண்டாம், அது பெரும்பாலும் சோயாவிலிருந்து எடுப்பது.

காம்பவுண்ட் வெயிலைக் கொஞ்சம் தாங்குவது உண்மை, கோகோ பட்டருக்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பைக் கெட்டிப்படுத்திப் போடுகிறார்கள். ஆனால் நான் பார்த்தவற்றில் பலவற்றில் பால் திடப்பொருள் இருந்தது.

கோகோ பொடி வாங்கும்போதும் கவனம். குடிக்கும் சாக்லேட் பொடி டப்பா அதே அலமாரியில், அதே நிறத்தில் இருக்கும். அதில் சர்க்கரையும், சிலவற்றில் பால் பொடியும் இருக்கும். பட்டியலில் கோகோ மட்டும் உள்ளதையே எடுங்கள்.

தஞ்சை அடுக்களை

மகளே, நான் சாக்லேட் செய்து பழகியவள் இல்லை, ஆனால் நாற்பது வருடமாக மாலாடு பிடிக்கிறேன். அதை வைத்து ஒன்று சொல்கிறேன். கோடையில் மாலாட்டில் உள்ள நெய்யும் உருகித்தான் இருக்கும். ஆனாலும் உருண்டை உருண்டையாகவே நிற்கிறது. பொட்டுக்கடலை மாவு அந்த நெய்யைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. உருகும், ஓடாது. உன் சாக்லேட்டையும் உருண்டையாக்கிவிடு. நெய்க்குப் பதில் நீ வைத்திருக்கும் அதே தேங்காய் எண்ணெய், இனிப்புக்குப் பேரீச்சம்பழம்.

கொட்டை நீக்கிய பேரீச்சம்பழம் 350 கிராம், பொட்டுக்கடலை 200 கிராம், கோகோ 50 கிராம், தேங்காய் எண்ணெய் மூன்று மேசைக்கரண்டி, உப்பு இரண்டு சிட்டிகை. நெல்லிக்காய் அளவில் பிடித்தால் முப்பது உருண்டைக்குக் குறையாது. உப்பை விட்டுவிடாதே, கோகோவின் கசப்பு மட்டுப்படும்.

பொட்டுக்கடலையை வெறும் வாணலியில் கை பொறுக்கும் சூடு வரும்வரை வறுத்து, ஆறியதும் நைசாகத் திரித்து, கோகோவோடு சேர்த்துச் சலித்துக்கொள். சலிக்காவிட்டால் கோகோ அங்கங்கே கட்டி தட்டி, கடிக்கும்போது கசக்கும். பேரீச்சம்பழத்தை ஊற வைக்காதே. எண்ணெய் தடவிய கத்தியால் மூன்றாக நறுக்கி, சலித்த மாவு ஒரு பிடி சேர்த்து, மிக்சியில் விட்டு விட்டுச் சுற்று. ஒரேயடியாகப் போட்டால் பிளேடில் சுற்றிக்கொண்டு மோட்டார் சூடாகிவிடும், மூன்று தவணையாகப் போடு. பிறகு எல்லாவற்றையும் தாம்பாளத்தில் கொட்டி, எண்ணெய் விட்டு, சப்பாத்தி மாவு போல அழுத்திப் பிசை. ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் இறுக்கிப் பார். விரல் தடம் நான்கும் அப்படியே பதிந்து நின்றால் பதம் சரி.

மேலே புரட்டக் கொப்பரைத் துருவல் போடு. பச்சைத் தேங்காய் வேண்டாம், வெயிலுக்கு மதியத்துக்குள் ஊசிவிடும்.

முந்திரி, வேர்க்கடலை, எள் வேண்டுமென்றே சேர்க்கவில்லை. வகுப்பில் அவை ஒவ்வாத குழந்தை இருக்கலாம். பொட்டுக்கடலையையும் சேர்த்து ஆசிரியையிடம் முன்னதாகவே பட்டியலைக் காட்டிவிடு.

திருநெல்வேலி மாணவன்

இடையில் ஒரு சின்னக் கேள்வி. நான் வாங்கிய டார்க் சாக்லேட் ஃபிரிட்ஜில் இருந்து வெள்ளையாகப் பூத்துவிட்டது. பூஞ்சையா?

பொள்ளாச்சித் தோப்பு

விரலால் தடவிப் பாருங்கள், தம்பி. வழவழப்பாக இருந்து விரல் சூட்டில் மறைந்தால் அது கொழுப்பு மேலே வந்து உறைந்தது. சொரசொரப்பாக இருந்தால் ஈரம் பட்டுச் சர்க்கரை கரைந்து மறுபடி படிந்தது. இரண்டையும் சாப்பிடலாம். பஞ்சு போல எழும்பி, மக்கல் வாடை வந்தால் மட்டும் எறிந்துவிடுங்கள்.

அண்ணாநகர் மாடிவீடு

அம்மா, இன்று திங்கட்கிழமை, பாதி அளவில் செய்து பார்த்தேன். சுவை உங்கள் வாக்குப்படியே இருக்கிறது. ஆனால் பிடிக்கும்போது உதிர்கிறது. பேரீச்சம்பழம் அலமாரியில் கொஞ்ச நாளாக இருந்தது, தோல் சுருங்கி வறண்டிருந்தது. எண்ணெய் இன்னும் ஒரு கரண்டி விட்டேன், கையெல்லாம் எண்ணெயாகிறதே தவிர உருண்டை சேரவில்லை.

தஞ்சை அடுக்களை

எண்ணெயை நிறுத்து. அதற்குத் தேவை ஈரம். கொதிக்கும் வெந்நீர் ஒரு தேக்கரண்டி தெளித்து, பத்து நிமிடம் மூடி வைத்துப் பிறகு பிசை. போதாவிட்டால் இன்னும் அரைக் கரண்டி, அதற்கு மேல் வேண்டாம்.

அண்ணாநகர் மாடிவீடு

சாக்லேட்டில் தண்ணீர் பட்டால் கெடும் என்றார்களே, பயமாக இருக்கிறது.

பொள்ளாச்சித் தோப்பு

தஞ்சை அம்மா சொல்வது சரிதான், பயப்படாமல் தெளியுங்கள். உருகிய சாக்லேட்டில் தூள்கள் ஒட்டிக்கொள்வதுதான் நாம் அஞ்சுவது. உருண்டைக்கு நமக்கு வேண்டியதே அந்த ஒட்டுதல்தான். வியாழனுக்குச் செய்யும்போது மட்டும் புதுப் பேரீச்சம்பழம் வாங்கிவிடுங்கள், தண்ணீர் எவ்வளவு குறைவோ அவ்வளவு நாள் கெடாது.

அண்ணாநகர் மாடிவீடு

பிடித்துவிட்டது! வெந்நீர் ஒன்றரைத் தேக்கரண்டி பிடித்தது. செவ்வாய்க்கிழமை நான்கு உருண்டைகளை அதே டப்பாவில், அதே பையில் அனுப்பினேன். மாலையில் கொஞ்சம் மென்மையாகியிருந்தன, உருக்குலையவில்லை. டப்பாவின் அடியில் காகிதம் விரித்திருந்தேன், அதில் வெறும் விரல்நுனி அளவு எண்ணெய்ப் பொட்டு.

ஆசிரியை பட்டியலை வாங்கி மற்ற பெற்றோரிடம் கேட்டுச் சொல்லிவிட்டார், யாருக்கும் தடையில்லை. நாளை புதன் இரவு மொத்தமும் செய்கிறேன். இரவு ஃபிரிட்ஜில் வைக்கவா, வெளியில் வைக்கவா?

இரு பிள்ளைகளின் தாய்

ஃபிரிட்ஜில் வையுங்கள், காற்றுப் புகாத டப்பாவில். காலையில் எடுத்ததும் மூடியைத் திறக்காமல் அரை மணி நேரம் வெளியே விடுங்கள். உடனே திறந்தால் உருண்டை மேல் வியர்த்து, கொப்பரைத் துருவல் நமத்துவிடும். மிக்சி ஜாடியையும் சல்லடையையும் முன்பே நன்றாகத் தேய்த்துக் கழுவிவிடுங்கள், பால் பொடியோ பனீரோ பட்டது ஏதாவது ரப்பர் வளையத்தில் ஒட்டியிருக்கலாம்.

அண்ணாநகர் மாடிவீடு

வியாழன் மாலை. டப்பா காலியாக வந்தது. இரண்டு குழந்தைகள் இன்னொன்று கேட்டார்களாம். அவள் தன் பங்கை அங்கேயே, எல்லோரும் சாப்பிடும்போதே சாப்பிட்டுவிட்டாள். தம்பி வழக்கம் போல வாசலில் நின்று அவள் பையைத் திறந்து பார்த்தான், இன்று அவனுக்கு எதுவும் இல்லை. நல்லவேளையாக நான்கு உருண்டைகளை வீட்டில் எடுத்து வைத்திருந்தேன். தஞ்சை அம்மாவுக்கும் பொள்ளாச்சி ஐயாவுக்கும், நெய் விடாமல் தடுத்த சகோதரிக்கும் மகள் தன் கையால் படம் வரைந்து வைத்திருக்கிறாள்: ஒரு டப்பா, அதில் 28 கறுப்பு வட்டங்கள்.