காப்பகத்தில் கைபேசி: ஆசிரியைக்கு மட்டும் ஏன் தடை?

சாட்ஸ்வொர்த் தந்தை:
இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எங்கள் மகள் செல்லும் மழலையர் காப்பகத்தில் ஆசிரியைகள் கைபேசியை அலுவலக அலமாரியில் வைத்துப் பூட்டிய பிறகே வகுப்பறைக்குள் நுழைய வேண்டும். ஆனால் மாலையில் பெற்றோர் காணொளி அழைப்பில் பேசியபடியே உள்ளே வருகிறார்கள்; பிறர் குழந்தைக்கு உடை மாற்றிக்கொண்டிருப்பது திரையில் தெரிந்தாலும் எவரும் தடுப்பதில்லை. தலைமை ஆசிரியையோ தம் சொந்தக் கைபேசியில் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் இடுகிறார். விதி என்றால் எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டாமா?

காப்பக ஆசிரியை, பீனிக்ஸ்:
ஐயா, எங்களை மட்டும் சந்தேகிப்பது எனக்கும் வருத்தமே. அதற்காக எல்லோருக்கும் முழுத் தடை என்பதை ஏற்க இயலாது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பன் சாலைகள் துண்டிக்கப்பட்டபோது, குழந்தைகளை அழைத்துச் செல்ல வர முடியாத பெற்றோரிடம் எங்கள் சொந்தக் கைபேசிகளில்தான் பேசினோம். மின்வெட்டில் ரவுட்டர் அணைந்தால் அலுவலகத் தொலைபேசியும் வேலை செய்யாது. காப்பகத்துக்கென்று தனிக் கைபேசி வாங்கச் சொன்னால் நிர்வாகம் செலவைக் காட்டுகிறது. மதியம் ஆனதும் "பிள்ளை சாப்பிட்டானா, படம் அனுப்புங்கள்" என்று கேட்பவர்களும் பெற்றோர்தாம்!

சட்டம் படித்தவள்:
இந்த வேறுபாட்டுக்குக் காரணம் உண்டு. 2009-இல் இங்கிலாந்தின் பிளிமத் நகரக் காப்பகம் ஒன்றில் பணியாளர் ஒருவர் கைபேசியால் குழந்தைகளைத் தகாத முறையில் படமெடுத்தது வெளிவந்தது. இன்று அந்நாட்டு மழலையர் காப்பகங்களின் பாதுகாப்புக் கொள்கையில் கைபேசி, கேமரா பயன்பாடு கட்டாயம் இடம்பெற வேண்டும். நம் நாட்டில் 2021 ஜூலை 1 முதல் முழுமையாகக் கடைப்பிடிக்க வேண்டியதாகிவிட்ட போப்பியா (தனிநபர் தகவல் பாதுகாப்பு) சட்டத்தின்படி, குழந்தையின் தகவலைக் கையாள நிறுவனம் பொதுவாகப் பெற்றோரின் முன்சம்மதத்தைப் பெற வேண்டும். முற்றிலும் வீட்டுப் பயன்பாட்டுக்காக ஒருவர் எடுக்கும் படம் அச்சட்டத்துக்குள் வராது. ஆகவே ஆசிரியையையும் பெற்றோரையும் சட்டமே ஒரே தட்டில் வைக்கவில்லை.

சாட்ஸ்வொர்த் தந்தை:
அப்படியானால் தலைமை ஆசிரியையின் கைபேசி எந்தத் தட்டில் அம்மா? அந்த வாட்ஸ்அப் குழுவுக்கு எங்களிடம் எவரும் சம்மதம் கேட்கவில்லை. மேலும், சட்டத்துக்குள் வராது என்பதால் பெற்றோரை வாசலில் நிறுத்தக் கூடாது என்றாகிவிடுமா? காலணியைக் கழற்றச் சொல்லும் நிர்வாகம் கைபேசியைப் பைக்குள் வைக்கவும் சொல்லலாமே.

காப்பக ஆசிரியை, பீனிக்ஸ்:
சொல்லலாம். கட்டணம் செலுத்துபவரிடம் அதைச் சொல்லும் பொறுப்பு மட்டும் எங்கள் தலையில் விழும். அறிவிப்பில் தலைமை ஆசிரியை கையெழுத்திட்டு, அவரே முதல் வாரம் வாசலில் நிற்கட்டும்.