உறைய வைத்த டோபமைன் செல்கள்: உருக்கிய பிறகு எத்தனை பிழைக்கின்றன?

கேள்வி:
பார்க்கின்சன் நோயில் அழியும் டோபமைன் நரம்பணுக்களுக்கு ஈடாக, ஆய்வகத்தில் வளர்த்த செல்களை மூளையில் பொருத்தும் ஆய்வுகளைப் படித்து வருகிறேன். அச்செல்களைத் திரவ நைட்ரஜனில் உறைய வைத்து, வேண்டும்போது உருக்கி எடுக்கிறார்களாம். நரம்பணு அதைத் தாங்குமா? உருக்கியதும் இத்தனை சதவீதம் உயிரோடு இருந்தன என்று கட்டுரைகள் சொல்லும் கணக்கை நம்பலாமா?

மறுமொழி 1:
நீண்ட கிளைகள் விட்டு முதிர்ந்த நரம்பணு தாங்குவது அரிது; தட்டிலிருந்து பிரித்தெடுக்கும்போதே அந்தக் கிளைகள் அறுந்துவிடும். ஆகவே, டோபமைன் நரம்பணுவாக மாறும் பாதையில் இறங்கிவிட்ட, ஆனால் இன்னும் கிளை விடாத முன்னோடிச் செல்களையே உறைய வைக்கிறார்கள்; மீதி வளர்ச்சி நோயாளியின் மூளைக்குள் நடக்கிறது. குளிர்விக்கும் வேகமும் முக்கியம். மிக விரைவாகக் குளிர்வித்தால் செல்லுக்குள்ளேயே பனிப் படிகம் உருவாகிச் சவ்வைக் கிழித்துவிடும். மிக மெதுவாகக் குளிர்வித்தால் வெளியே உறையும் பனி நீரை இழுத்துக்கொள்ள, செல் சுருங்கி உப்புச் செறிவில் கெடும். பனிப் படிகம் உருவாவதைக் குறைக்கும் டைமெத்தில் சல்ஃபாக்சைடு என்ற திரவத்தைக் கலந்து, நிமிடத்துக்கு ஏறத்தாழ 1 டிகிரி வீதம் இறக்குவதுதான் பரவலான வழக்கம்.

மறுமொழி 2:
அந்தச் சதவீதத்தை நான் பாதிதான் நம்புவேன். உருக்கிய உடனே டிரைபான் நீலச் சாயம் விட்டுப் பார்த்தால், சவ்வு கிழிந்த செல் மட்டுமே நீலமாகும். உறைநிலையின் அதிர்ச்சியால் தன்னழிவுப் பாதையில் இறங்கிவிட்ட செல் அந்த நேரத்தில் நிறமின்றி நலமாகத்தான் தெரியும், மறுநாளுக்குள் இறந்துவிடும். ஆகவே 24 மணி நேரம் வளர்ப்பில் வைத்த பிறகு எடுத்த எண்ணிக்கையையும், விலங்கின் மூளையில் மாதங்கள் கழித்து மிஞ்சிய டோபமைன் செல்களின் எண்ணிக்கையையும் கட்டுரையில் தேடுங்கள். இரண்டும் இல்லையென்றால் அந்தக் கட்டுரையை ஒதுக்கிவிடலாம்.

கேள்வி கேட்டவர்:
அப்படியானால் உறைய வைக்காமல் புதிதாகவே பொருத்திவிடலாமே?

மறுமொழி 3:
அந்த வழியின் சிரமம் பழைய ஆய்வுகளிலேயே தெரிந்துவிட்டது. சுவீடனின் லுண்ட் நகரில் 1987இல் தொடங்கிய சிகிச்சையில் கருக்கலைப்பில் கிடைத்த திசுவே பயன்பட்டது. ஒரு நோயாளிக்கே பல கருக்களின் திசு தேவை. 4 டிகிரிக் குளிரில் வைத்தாலும் அது சில நாள்களே தாங்கும். பின்னாளில் ஐரோப்பாவில் நடந்த டிரான்ஸ்யூரோ ஆய்விலும், போதிய திசு சேராததால் குறித்த நாளில் நடக்காமல் போன அறுவைச் சிகிச்சைகள் பல. உறைய வைத்தால் ஒரே தொகுதியிலிருந்து பல நோயாளிகளுக்கு எடுக்கலாம். அதைவிட, பொருத்தும் முன் கிருமி இருக்கிறதா, கட்டியாக வளரக்கூடிய ஸ்டெம் செல் (இன்னும் எந்த வகையாகவும் மாறாத மூலச் செல்) எஞ்சியிருக்கிறதா என்று நிதானமாகச் சோதிக்க நேரம் கிடைக்கிறது. கரு ஸ்டெம் செல்லிலிருந்து உருவாக்கி உறைய வைத்த செல்களை 12 பேருக்குப் பொருத்திய அமெரிக்க, கனடா ஆய்வின் முடிவுகள் 2025இல் வெளியாயின. அதன் முதல் நோக்கம் பாதுகாப்பை அறிவதே. சில செல்கள் இறப்பதை, கூடுதலாகப் பொருத்தி ஓரளவு ஈடுகட்ட முடியும். சோதிக்காத செல்லை மூளைக்குள் வைத்துவிட்டால் திரும்ப எடுக்க வழியில்லை.