புதுப்பிப்பு: குட்டிகளை அடித்த தாய்ப்பூனை

குட்டிகள் பால் குடிக்க வந்தாலே சீறி அடிக்கிறாள் என்று எழுதியிருந்தேனே, அவள் சேதி இது. கோபமெல்லாம் இல்லை, வலி. பின்பக்கத்துக் காம்பு ஒன்று சிவந்து, கல் மாதிரி இறுகி, தொட்டால் சுட்டது. மடிவீக்கம் என்றார் கால்நடை மருத்துவர், ஆன்டிபயாடிக் கொடுத்தார். வெந்நீர்த் துணியால் ஒத்தடமும் கொடுத்தோம். அவளுக்குக் குணமாகும்வரை குட்டிகளுக்குப் பூனைக்குட்டிப் பால்பவுடர்தான். மல்லாத்தாமல் குப்புற வைத்து, சிரிஞ்சில் சொட்டுச் சொட்டாக. (பசும்பால் ஊற்றச் சொன்னவர்களே, பேதி பிடுங்கும்!)

இப்போது தானாகவே படுத்துப் பால் கொடுக்கிறாள். கறுப்பன் என்கிற குட்டி மட்டும் அவ்வப்போது அறை வாங்குகிறான். அவனுக்குப் பல் முளைத்துவிட்டது, கடிக்கிறான். நாலு வாரத்துக்கு மேல் தாய் இப்படித் தள்ளிவிடுவது பால் மறக்கடிக்கத்தானாம். ஈரத்தீனி வைத்துப் பார்க்கிறேன்; தட்டுக்குள்ளேயே ஏறி நிற்கிறான்.