வீடியோவில் பார்த்தே கோத்தகிரியில் நிலம் வாங்கலாமா? (2020 அக்டோபர்)

தாம்பரம்வாசி: வணக்கம். கோத்தகிரி பக்கம் 25 சென்ட் தேயிலைத் தோட்டம் விலைக்கு வந்திருக்கிறது. கொரோனாவுக்குப் பிறகு எனக்கு வீட்டிலிருந்தே வேலை என்பதால், அங்கே சின்னதாக ஒரு வீடு கட்டிக் குடிபோகலாம் என்று யோசனை. தரகர் வாட்ஸ்அப் வீடியோவில் இடத்தைச் சுற்றிக் காட்டினார். வில்லங்கச் சான்று, பட்டா நகல் அனுப்பிவிட்டார். மற்ற மாவட்டங்களுக்கு செப்டம்பர் 1 முதல் இ-பாஸ் (கொரோனா காலப் பயண அனுமதி) கிடையாது, நீலகிரி போன்ற மலைப் பகுதிகளுக்கு இன்னும் கேட்கிறார்கள். வீட்டில் வயதான அம்மா இருப்பதால் பயணம் போகவும் பயம். அட்வான்ஸ் போட்டுவிடலாமா?

கட்டபெட்டு தரகர்: நான் உங்கள் தரகர் இல்லை சார், ஆனால் இதே தொழில்தான். தாராளமாகப் போடலாம். மார்ச் 25 ஊரடங்குக்குப் பிறகு எங்கள் பிழைப்பே நின்றுபோனது. பார்ட்டி மேலே வர வழியில்லை, ஓனர் வீட்டுக்குள் யாரையும் விடுவதில்லை. அப்போது கைகொடுத்தது இந்த வீடியோதான். முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை கார் பிடித்துக் குடும்பத்தோடு வருவார்கள், இடத்தைப் பார்ப்பார்கள், அப்படியே ஊட்டி போய்விடுவார்கள். வாங்கும் எண்ணமே இருக்காது. இப்போது கேட்பவர்கள் முதலில் பேப்பரைக் கேட்கிறார்கள். வில்லங்கம், பட்டா, அ-பதிவேடு (நில விவரப் பதிவேடு), புலப்படம் (நில அளவை வரைபடம்) எல்லாமே அரசுத் தளத்தில் கிடைக்கின்றன. நாங்கள் மறைக்க நினைத்தாலும் முடியாது. தொற்று போன பிறகும் இந்த முறை நிற்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

அரவேணு தோட்டம்: தம்பி, பேப்பர் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. நிலத்துக்கு அது செல்லாது. போனை முகத்துக்கு நேராகப் பிடித்து நடந்தால் சரிவே தெரியாது. எங்கள் தோட்டத்தில் கீழ்வரிசையிலிருந்து மேல்வரிசைக்குக் கூடையோடு ஏறினால் பெண்களுக்கு மூச்சு வாங்கும். அதே இடத்தை என் மகன் படம் எடுத்தால் சமதளம் மாதிரி இருக்கிறது. சென்னையில் இருப்பவர் அதைப் பார்த்துத் சமதரையில் கட்டும் வீட்டுக்குக் கணக்குப் போடுவார். இங்கே மண்ணை வெட்டித் தடுப்புச்சுவர் கட்டியே பாதிப் பணம் போய்விடும். வெட்டிய மண் மழையில் இறங்கினால் என்ன ஆகும் என்பதை 2009 நவம்பரில் பார்த்தோம். குன்னூர், கேத்தி, கோத்தகிரி என்று எங்கும் சரிந்து 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

கட்டபெட்டு தரகர்: அக்கா, நேரில் வந்தவர்களுக்கு மட்டும் சரிவு புரிந்ததா? மே மாதம் சீசனில் வருவார்கள், வெயிலில் அரைமணி நேரம் நிற்பார்கள், மயங்கிப்போய் அட்வான்ஸ் கொடுப்பார்கள். நான் எடுக்கும் வீடியோவில் எல்லைக்கல் ஒவ்வொன்றிலும் நிற்கிறேன். கீழ்க்கல்லில் நின்று மேலே, மேல்கல்லில் நின்று கீழே எடுக்கிறேன். மழை பெய்த மறுநாளும் போய் எடுத்து அனுப்புகிறேன். ஒரே நாள் வந்து போகிறவருக்கு இது கிடைக்குமா?

அரவேணு தோட்டம்: நீங்கள் அப்படிச் செய்வது நல்லதுதான், எல்லோரும் செய்வதில்லை. இன்னொன்று, இடம் விற்றால்தான் உங்களுக்குக் கமிஷன். போன் உங்கள் கையில் இருக்கும்போது எதைக் காட்ட வேண்டும் என்பதையும் நீங்கள்தான் முடிவு செய்கிறீர்கள். இப்போது அக்டோபர். கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை, அவலாஞ்சி பக்கம் போல ஆகஸ்டில் கொட்டாது. இனி டிசம்பர் வரை எந்த ஓடையைக் காட்டினாலும் தண்ணீர் ஓடும். மார்ச்சில் அதே ஊற்றுக்குக் குடத்தோடு போய்க் காத்திருப்பது யார்? வாங்கினவர் லாரித் தண்ணீருக்குத்தான் போன் போடுவார்.

வைட்பீல்டு: நாங்களும் இதே யோசனையில் இருந்தோம். வாங்காமல், சுற்றுலா இல்லாததால் சும்மா பூட்டிக் கிடந்த ஒரு காட்டேஜை மாத வாடகைக்கு எடுத்தோம். ஓனருக்கும் வருமானம். காற்றடித்து மரம் விழுந்தால் கரண்ட் போகிறது, கூடவே இன்டர்நெட்டும் போகிறது. வீட்டிலிருந்து வேலை என்பவர்கள் முதலில் இதை வாழ்ந்து பாருங்கள்.

குன்னூர் பத்திர எழுத்தர்: சரிவும் தண்ணீரும் நீங்கள் பேசிவிட்டீர்கள், நான் என் வேலையைச் சொல்கிறேன். பத்திரம் பதிவாகிவிட்டால் வீடு கட்டலாம் என்று அர்த்தமில்லை. தேயிலைத் தோட்டம் தோட்டமாகத்தான் பதிவாகும். வீடு கட்ட நிலப் பயன்பாடு மாற்றம், கட்டட அனுமதி எல்லாம் தனி. இந்த அனுமதிகளைப் பார்க்க ஹாக்கா எனப்படும் மலையிடப் பாதுகாப்புக் குழுமம் 1990-லிருந்து இருக்கிறது. கட்டட உயரத்துக்கும் வரம்பு உண்டு. இடம் சோலைக்காட்டை ஒட்டி இருந்தால் 1949-ம் வருஷத்துத் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தில் அறிவிக்கப்பட்டதா என்று பாருங்கள். அதில் வந்தால் முன் அனுமதி இல்லாமல் விற்கவே முடியாது. மசினகுடி பக்கம் யானை வழித்தடத்தில் கட்டிய ரிசார்ட்டுகள் விஷயத்தில் இந்த அக்டோபர் 14-ல், வழித்தட அறிவிப்பு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னதைப் படித்திருப்பீர்கள். பட்டா கையில் இருந்தும் பலரை அது காப்பாற்றவில்லை.

செலவையும் எழுதிக்கொள்ளுங்கள். முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 4, ஆக 11 சதவீதம் (2020 நிலவரம்). கிரய ஒப்பந்தம் பதிவு செய்யாமல் போனிலேயே அட்வான்ஸ் அனுப்பாதீர்கள்.

கட்டபெட்டு தரகர்: விளம்பரத்தில் பொய் சொன்னால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமான ரெராவின் 12-வது பிரிவில் பணத்தைத் திரும்ப வாங்கலாமே? வாங்குபவருக்குப் பாதுகாப்பு இருக்கிறது.

குன்னூர் பத்திர எழுத்தர்: அது பில்டர்கள் போடும் மனை, கட்டடத் திட்டங்களுக்கு. ஒரு விவசாயி தன் தோட்டத்தை ஒரே துண்டாக ஒருவருக்கு விற்பது ரெராவுக்குள் வராது. சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். அங்கே எத்தனை வருஷம் ஆகும் என்று உங்களுக்கே தெரியும் தம்பி.

அரவேணு தோட்டம்: தாம்பரம் சார், ஒன்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள். ரோட்டிலிருந்து இடத்துக்குப் போகும் பாதை யார் பட்டாவில் வருகிறது?

தாம்பரம்வாசி: இப்போதுதான் கேட்டேன் அக்கா. பக்கத்துத் தோட்டக்காரர் பட்டாவில்தான் வருகிறதாம். ‘பழக்கமானவர்தான், பேசிக்கலாம் சார்’ என்கிறார் என் தரகர். வீடியோவில் அந்தப் பாதையில்தான் நடந்து வந்தார், நான் அதை இடத்தோடு சேர்ந்தது என்றே நினைத்தேன்.

குன்னூர் பத்திர எழுத்தர்: இன்று பழக்கமானவரின் மகன் நாளைக்குக் கம்பிவேலி போட்டால் உங்கள் செங்கல் லாரி ரோட்டிலேயே நிற்கும். பாதை உரிமையை அவர் எழுதிக் கொடுத்து, அது பதிவான பிறகு மேலே பேசுங்கள்.

கட்டபெட்டு தரகர்: இதில் நானும் எழுத்தர் அண்ணன் பக்கம்தான். பாதையைச் சொல்லாமல் வீடியோ எடுப்பது தொழில் இல்லை. ஆனால் அக்கா, இதையும் கவனியுங்கள். சார் மலை ஏறாமல், புலப்படத்தைப் பார்த்து ஒரு போனில் கேட்டே இதைத் தெரிந்துகொள்ள முடிந்தது. நேரில் வந்திருந்தால் அதே பாதையில் காரை ஓட்டி வந்து, தன்னுடையது என்றே நினைத்துத் திரும்பியிருப்பார்.

அரவேணு தோட்டம்: சரி தம்பி, பாதை விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன். சரிவு விஷயத்தில் மாட்டேன். தாம்பரம் சார், நிலம் எந்த ஊருக்குக் கீழே வருகிறது என்று எழுதுங்கள். எங்கள் சொந்தக்காரர்கள் அந்தப் பக்கம் இருந்தால், மார்ச், ஏப்ரலில் அங்கே தண்ணீர் எங்கிருந்து எடுக்கிறார்கள் என்று கேட்டுச் சொல்கிறேன். அட்வான்ஸ் அதுவரை உங்களிடமே இருக்கட்டும்.