கடல் 90 சதவீதச் சூட்டை வாங்கிக்கொள்கிறது என்றால், ஆடியில் முட்டம் கடல் ஏன் குளிர்கிறது?

நாகர்கோவில் வாத்தியார்:
பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு தெளிவு வேண்டும். புவியில் கூடுதலாகத் தங்கும் வெப்பத்தில் 90 சதவீதத்துக்கு மேல் கடலுக்குப் போகிறது என்கிறார்கள். அப்படியானால் கடல் நம்மைக் காப்பாற்றுகிறதா, பிறகு திருப்பித் தரச் சேர்த்து வைக்கிறதா? இன்னொன்று: ஆனி, ஆடியில் முட்டம், குளச்சல் பக்கம் தண்ணீர் மே மாதத்தைவிடக் குளிர்ச்சி. "கடல் சூடாகுதுன்னு சொல்றீங்க, காலை வச்சா ஜில்லுன்னு இருக்கே சார்" என்று கேட்டால் என்ன சொல்வது?

உப்புக்கணக்கு:
முதல் கேள்விக்குக் கணக்கு போட்டே காட்டலாம் சார். புவி வாங்கும் வெப்பத்துக்கும் வெளியே விடும் வெப்பத்துக்கும் உள்ள இடைவெளி சதுர மீட்டருக்குச் சுமார் 0.8 வாட். புவிப் பரப்பு 51 கோடி சதுர கிலோமீட்டர். பெருக்கினால் வருஷத்துக்கு ஏறத்தாழ 13 ஜெட்டாஜூல் (1 போட்டு 21 சைபர் = ஒரு ஜெட்டாஜூல்).

இதை முழுக்கக் காற்றிலேயே கொட்டினால் ஒரே வருஷத்தில் இரண்டரை டிகிரி ஏறும். காற்று மண்டலம் முழுவதற்கும் உள்ள வெப்பக் கொள்ளளவு, கடலின் மேல் மூன்றரை மீட்டர் தண்ணீருக்கே உண்டு. அதே சூடு கடலின் மேல் 70 மீட்டருக்குள் மட்டும் நின்றால் வருஷத்துக்கு 0.1 டிகிரி. 2000 மீட்டர் வரை பரவினால் 0.004 டிகிரிதான்.

பிள்ளைகள் பிடித்துக்கொள்ள வேண்டியது இந்த மூன்றாவது எண்ணைத்தான். தண்ணீர் நிறைய இருப்பது மட்டும் காரணம் இல்லை, சூடு எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்பதுதான் வேகத்தைத் தீர்மானிக்கிறது. மேலே சூடான நீர் லேசானது, மிதக்கும். கீழே இறங்க மனசில்லாதது. அதை இழுத்து இறக்கக் காற்றும் சுழற்சியும் வேண்டும். மேல்நீர் சூடேறச் சூடேற அடுக்குகள் இறுகி, இந்த இறக்கம் கடினமாகிறது.

(ஒரு எச்சரிக்கை: அந்த 'இரண்டரை டிகிரி' ஒப்பீட்டுக்கு மட்டும். காற்று சூடானால் விண்வெளிக்கு விடும் வெப்பமும் கூடும், அப்படியே ஏறிக்கொண்டே போகாது.)

கச்சான்காத்து:
இரண்டாவது கேள்வி நம்ம ஊர்க் கேள்வி. குளச்சலிலிருந்து குமரி முனை வரை கரை ஏறத்தாழ மேற்கு கிழக்காகக் கிடக்கிறது. தென்மேற்குப் பருவத்தில் கச்சான் காற்று மேற்கிலிருந்து கரையோரமாக அடிக்கும். வட அரைக்கோளத்தில் புவிச் சுழற்சியால் மேல்நீரின் மொத்த நகர்வு காற்றின் திசைக்கு வலப்பக்கம் திரும்பும். இங்கே வலப்பக்கம் என்றால் தெற்கு, அதாவது கரையை விட்டு ஆழ்கடலுக்கு. மேல்நீர் விலகிய இடத்துக்குக் கீழிருந்து குளிர்நீர் ஏறுகிறது. சத்தும் கூடவே ஏறுவதால்தான் இந்தக் காலத்தில் கணவாய், சாளை, நெத்திலி.

ஆனால் அது அடிக்கடல் நீர் இல்லை. பல பத்து மீட்டர் ஆழத்து நீர், அவ்வளவே. காற்று நின்றதும் பழையபடி சூடேறும். ஒரு ஆடியை அதே வருஷ மே மாதத்தோடு ஒப்பிட்டால் பருவம்தான் தெரியும். ஆடியை முப்பது வருஷத்துக்கு முந்தைய ஆடியோடு ஒப்பிட வேண்டும்.

நாகர்கோவில் வாத்தியார்:
நன்றி. பிள்ளைகளை வைத்து நாமே வெப்பம் அளந்து பதிவு செய்தால் பயன் உண்டா?

உப்புக்கணக்கு:
பருவ மாற்றம் நன்றாகத் தெரியும், புவி சூடாவது தெரியாது. 0.1 டிகிரி தேடும்போது அளவிலேயே அரை டிகிரி பிசகும். பிளாஸ்டிக் வாளி, 0.1 டிகிரி காட்டும் வெப்பமானி, ஒரே இடம், ஒரே நேரம். வெயில் ஏறும் முன் காலை ஆறரை, ஏழு மணி நல்லது. காற்றில்லாத மத்தியானத்தில் மேல் அரை மீட்டர் மட்டும் தனியாகச் சூடேறி ஏமாற்றும். வாளியை முதலில் ஒருதரம் கடல்நீரில் அலசிக் கொட்டிவிட்டு மறுபடி மொண்டு, நிழலில் வைத்து ஒரு நிமிஷத்துக்குள் படிக்க வேண்டும். தாமதித்தால் நீர் ஆவியாகி வாளி குளிரும்.

உலக ஆய்வாளர்களுக்கே இந்தத் தொல்லை இருந்தது. பழைய கப்பல்களில் கித்தான் வாளியில் மொண்டார்கள், அளவு குறைத்துக் காட்டியது. பிறகு எஞ்சினுக்குள் போகும் நீரை அளந்தார்கள், அது கூட்டிக் காட்டியது. இரண்டையும் சரிசெய்யாமல் ஒட்டினால் இல்லாத ஏற்றம் தெரியும். இப்போது ஆர்கோ மிதவைகள் ஏறக்குறைய 4000 இருக்கின்றன. 1000 மீட்டரில் மிதந்து, பத்து நாளுக்கு ஒருமுறை 2000 மீட்டர் இறங்கி, மேலே வரும் வழியெல்லாம் அளந்து செயற்கைக்கோளுக்கு அனுப்பும். இந்தியப் பங்கை ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் (இந்தியக் கடல் தகவல் சேவை மையம்) பார்க்கிறது.

வள்ளவிளை:
'சேர்த்து வைத்துத் திருப்பித் தருமா' என்பதற்கு யாரும் பதில் சொல்லவில்லையே. கொஞ்சம் தரும், மொத்தமாகத் தராது. எல் நினோ வருஷத்தில் பசிபிக்கின் மேற்கில் குவிந்த சூடான நீர் கிழக்கே பரந்து காற்றைச் சூடாக்கும். 1998, 2016 இரண்டும் அப்படி உச்சம் தொட்ட வருஷங்கள். லா நினாவில் எதிர்மாறு. 1998க்குப் பிறகு சில வருஷம் காற்றின் சூடு மெதுவாக ஏறியபோது கடலின் உள்வெப்பம் ஏறிக்கொண்டேதான் இருந்தது.

ஆழத்துக்குப் போனது நூற்றாண்டுக் கணக்கில் அங்கேயே கிடக்கும். தென்பெருங்கடல்தான் இதில் பெரும்பங்கு வாங்குகிறது. நமக்குக் கள்ளக்கடல் அலையை (இங்கே காற்றில்லாதபோதும் திடீரென எழும்பி வரும் அலை) அனுப்பும் அதே கடல்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். காற்றில் கரியமில வாயுவின் அளவு இன்றைக்கு உள்ளபடியே நின்றால், கடல் ஈடுகொடுத்து முடிக்கும் வரை சூடு இன்னும் ஏறும். உமிழ்வே நின்றுவிட்டால் கதை வேறு: கடலும் காடும் வாயுவை உறிஞ்சிக்கொண்டே இருப்பதால் காற்றில் வாயு குறையும்; அந்தக் குறைவும் மிச்சமிருக்கும் சூடேற்றமும் ஏறத்தாழ ஈடாகி, காற்றின் வெப்பம் பெரிதாக ஏறாது. நாம் விடும் வாயுவில் கால் பங்கு கடல் வாங்குவது இப்படி உதவுகிறது. சூடான நீரில் வாயு குறைவாகவே கரையும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சூடாக்கிய சோடாவைக் காட்டினாலே புரிந்துவிடும்.

கடல்மட்டம் மட்டும் இந்தக் கணக்குக்குக் கட்டுப்படாது. சூடான நீர் விரிகிறது. ஆழத்துக்குச் சூடு இறங்க இறங்க, உமிழ்வு நின்ற பிறகும் விரிவு தொடரும். தூண்டில் வளைவுக்கு (கரையைக் காக்கக் கடலுக்குள் நீட்டிப் போடும் கல் தடுப்பு) உயரம் குறிக்கும்போது இதைத்தான் பார்க்க வேண்டும்.