45 டிகிரி வறண்ட வெயிலும் 34 டிகிரி புழுக்கமும்: இரண்டிலும் வாழ்ந்தவர்களின் அனுபவங்கள்

இழையைத் தொடங்கியவர்

பதினோரு ஆண்டுகள் ஒரு கடலோர நகரத்திலும், அதன்பின் ஆறு ஆண்டுகள் கடலிலிருந்து வெகுதொலைவில் இருந்த ஒரு பாலைவன நகரத்திலும் வேலை பார்த்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். மாறுதல் உத்தரவு வந்தபோது உடன் பணிபுரிந்தவர்கள் என்னைப் பரிதாபமாகவே பார்த்தார்கள். 34 டிகிரிக்கே புலம்புகிறவன் 45 டிகிரியில் என்ன ஆவானோ என்பது அவர்கள் கவலை. விமான நிலையக் கதவு திறந்ததும் முகத்தில் அடித்த காற்று, எரிகின்ற அடுப்பின்முன் குனிந்ததுபோல் இருந்தது. ஆனால் பெட்டியை இழுத்துக்கொண்டு வண்டி நிறுத்துமிடம்வரை நடந்து, ஒரு சுவரின் நிழலில் ஒதுங்கி நின்றபோதுதான் என் சட்டை உலர்ந்தே இருப்பதைக் கவனித்தேன். அங்கே நிழலுக்குப் பயன் இருந்தது. கடலோரத்தில் நிழலுக்குள் போனால் வெயில் மட்டும்தான் விலகும், புழுக்கம் கூடவே வரும்.

இதற்குக் காரணம் தேடியபோது ஒரு கணக்கு கிடைத்தது. ஈரத்துணி சுற்றிய வெப்பமானியை 45 டிகிரி வெப்பமும் 10 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள காற்றில் வைத்தால், அது ஏறக்குறைய 21 டிகிரி காட்டும். அதையே 34 டிகிரியும் 75 விழுக்காடும் உள்ள காற்றில் வைத்தால் 30 டிகிரி காட்டும். வியர்த்த உடம்பும் ஈரத்துணி சுற்றிய பொருள்தானே! ஒரு லிட்டர் வியர்வை தோலின் மீதே ஆவியானால் ஏறக்குறைய 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. ஆவியாகாமல் தாடையிலிருந்து சொட்டிக் கீழே விழும் வியர்வையால் உடம்பு நீரை இழக்கிறதே தவிர, குளிர்ச்சி அடைவதில்லை. கடலோரத்தில் இருந்த பதினோரு ஆண்டுகளும் எனக்குச் சொட்டியது பெரும்பாலும் இந்த வீண் வியர்வைதான். ஆகவே என் ஓட்டு பாலைவனத்துக்கே. மற்றவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதலாம்.

கட்டுமானப் பணியில் மேற்பார்வையாளராக இருந்தவர்

கணக்கு சரிதான், முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. நிழலில் நிற்பவருக்கும் குளிரூட்டிய அறையில் வேலை செய்பவருக்கும் பாலைவனம் சுகமாக இருக்கலாம். திறந்த வெயிலில் கம்பி கட்டுகிறவருக்கு அது வேறொரு இடம். காற்றின் வெப்பம் தோலின் வெப்பத்தைத் தாண்டியபிறகு, காற்றும் உடம்பைச் சூடாக்கத் தொடங்கிவிடுகிறது. வெயில், சூடான மண், கையுறையில்லாமல் தொட முடியாத இரும்பு என்று எல்லாப் பக்கமிருந்தும் வந்து சேரும் வெப்பத்தை வியர்வை ஒன்றே வெளியேற்ற வேண்டும். கடும் வேலையில் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் வியர்ப்பது அங்கே சாதாரணம். அந்த வியர்வை கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் ஆபத்து.

எங்களிடம் புதிதாகச் சேர்ந்த இளைஞர் ஒருவர், ஈரப்பதம் மிகுந்த ஊரிலிருந்து வந்தவர், இரண்டாம் நாள் முற்பகலில் தண்ணீர்ப் புட்டியைத் திறக்காமலே வைத்திருந்தார். கேட்டபோது, "வியர்க்கவே இல்லையே, தாகமும் இல்லை" என்றார். அவருடைய கருநீலச் சட்டையின் முதுகில் கடற்கரையில் அலை வந்துபோன தடம்போல வெள்ளை வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. அதைக் கழற்றச் சொல்லிக் காட்டியபோதுதான் நம்பினார். சிறுநீர் தேநீர் நிறத்தில் போனதாக அப்புறம் சொன்னார். மதியத்துக்குள் தலைவலியும் கெண்டைக்கால் தசைப்பிடிப்பும் வந்து, இரண்டு நாள் ஓய்வில் இருக்க வேண்டியதாயிற்று. நல்லவேளையாக அதோடு நின்றது.

அந்த நிகழ்வுக்குப் பிறகு புதியவர்களை முதல் நாள் வழக்கமான நேரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வெயிலில் நிறுத்துவதில்லை என்றும், ஒவ்வொரு நாளும் அதே அளவு கூட்டுவது என்றும் வைத்துக்கொண்டோம். உடம்பு வெப்பத்துக்குப் பழக ஒன்றிலிருந்து இரண்டு வாரம் ஆகும். பழகியபின் வியர்வை முன்னதாகவே தொடங்கும், அதிகமாகவும் வரும், ஆனால் அதில் உப்பு குறைந்திருக்கும். விடுமுறைக்குப் போய்த் திரும்புகிறவர் அனுபவசாலி என்பதால் அவரை நேரே வெயிலுக்கு அனுப்புவது பெரிய தவறு. சில வாரங்கள் வெப்பத்திலிருந்து விலகியிருந்தாலே பழக்கம் போய்விடுகிறது.

புழுக்கம் வதைக்கிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் வதைக்கும்போது நாமே வேலையை நிறுத்தி உட்கார்ந்துவிடுகிறோம். பாலை வெயிலில் அந்த எச்சரிக்கை வருவதற்குள் காரியம் கைமீறிவிடுகிறது.

ஏசி பழுது பார்ப்பவர்

இரண்டு வகை ஊர்களிலும் ஏசி மாட்டியிருக்கிறேன், சுருக்கமாகச் சொல்கிறேன். புழுக்கமான ஊரில் ஏசியின் வடிகால் குழாயின் கீழே வாளி வைத்தால், ஓர் இரவில் அது நிறைந்து வழிந்துவிடும். பாலைவனத்தில் அதே வாளியின் அடி நனைந்தாலே அதிகம். அறையைக் குளிர்விப்பதற்கு முன்பாக, காற்றிலுள்ள அவ்வளவு நீரையும் பிழிந்தெடுக்க வேண்டியிருப்பதால்தான் புழுக்கமான ஊரில் ஏசி அவ்வளவு திணறுகிறது. ஏர் கூலர் இதற்கு நேர் எதிர். அது நீரை ஆவியாக்கிக் குளிர்விப்பது என்பதால், வறண்ட காற்றில் 42 டிகிரியை 27 டிகிரிக்குக்கூட இறக்கும். ஈரக் காற்றில் இரண்டு மூன்று டிகிரி இறக்கிவிட்டு அறையைக் கூடுதலாகப் பிசுபிசுக்க வைக்கும். மண்பானைத் தண்ணீர் சில ஊர்களில் சில்லென்றும் சில ஊர்களில் வெறும் தண்ணீராகவும் இருப்பதற்கும் காரணம் இதுவே.

மின்விசிறியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். புழுக்கத்தில் விசிறி பெரிய துணை, ஏனென்றால் தோலை ஒட்டி நிற்கும் ஈரக் காற்றை அது தள்ளிவிடுகிறது. 40 டிகிரியைத் தாண்டிய வறண்ட அறையில் விசிறிக்கு நேரே உட்கார்ந்தால் அது அனலைத்தான் மேலே வாரி இறைக்கும். அங்கே நனைத்த துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார வேண்டும்.

இரண்டு குழந்தைகளின் தாய்

எல்லோரும் பகலைப் பற்றியே எழுதுகிறீர்கள். எனக்கு வேறுபாடு தெரிந்தது இரவில்தான். பாலைவன நகரத்தில் பகலில் 43 டிகிரி இருந்த நாள்களிலும் விடியற்காலையில் 26, 27 டிகிரிக்கு இறங்கிவிடும். காற்றில் நீராவி குறைவாக இருப்பதால், தரையின் வெப்பம் தடையில்லாமல் வானத்துக்குப் போய்விடுகிறது. கடலோரத்தில் பகல் 34 என்றால் இரவு 29. நள்ளிரவில் எழுந்து தலையணையைத் திருப்பிப்போட்டால் மறுபக்கமும் வெதுவெதுப்பாகவே இருக்கும். சின்னவனுக்குக் கழுத்து மடிப்பிலும் முதுகிலும் வேர்க்குரு வந்து, சொறிந்து சொறிந்து இரவெல்லாம் அழுதான். தூக்கம் கெட்ட மூன்றாம் நாள் வீட்டில் எல்லோரும் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தோம்.

பாலைவனத்தில் அதே குழந்தைக்கு வேர்க்குரு வரவே இல்லை. மாறாக உதடு வெடித்தது, மூக்கில் இரத்தம் வந்தது. குளித்துவிட்டு வந்தால் ஐந்து நிமிடத்தில் தோல் சாம்பல் பூத்துவிடும். அங்கே கொடியில் கடைசித் துணியைப் போட்டுவிட்டுத் திரும்பினால் முதலில் போட்டது காய்ந்திருக்கும். இங்கே கடலோரத்தில் இரண்டு நாள் காயப்போட்டும் முடைநாற்றம் போவதில்லை, அலமாரியில் தோல் செருப்பின் மேல் பச்சைப் பூஞ்சை படர்கிறது. எனக்கு எண்ணெய் தடவி ஆற்றிக்கொள்ளும் தொல்லையே மேல்.

பாலைவனக் கடற்கரையில் வசிப்பவர்

நீங்கள் இரண்டையும் தனித்தனியாக அனுபவித்திருக்கிறீர்கள். நாங்கள் இருப்பது பாலைவனம் கடலைத் தொடும் இடத்தில். காற்று நிலத்திலிருந்து வீசும்வரை மேலே சொன்ன வறண்ட வெயில். அது கடலிலிருந்து வீசத் தொடங்கிய ஒரு மணி நேரத்தில் மூக்குக்கண்ணாடி வெள்ளையாகப் பனித்துவிடும். ஆகஸ்டு மாதத்தில் இரவு பத்து மணிக்கு, நிறுத்தி வைத்த காரின் முன்கண்ணாடியில் வெளிப்புறமாக நீர் வழிய, மழையில்லாமலே வைப்பர் போட்டு ஓட்டியிருக்கிறேன்.

பாரசீக வளைகுடா ஆழமில்லாத கடல். கோடையில் அதன் மேற்பரப்பு நீரே 35 டிகிரியை எட்டும். அதன் கரையை ஒட்டிய, சவூதி அரேபியாவின் தஹ்ரானில் 2003 ஜூலை 8 அன்று வெப்பம் 42 டிகிரியாகவும் பனிநிலை (காற்றிலுள்ள நீராவி நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 35 டிகிரியாகவும் பதிவாகின. ஈரத்துணி வெப்பமானி 35 டிகிரியைத் தொட்டால், நிழலில் விசிறியின்கீழ் சும்மா படுத்திருக்கும் ஆரோக்கியமான மனிதரும் சில மணி நேரத்துக்குமேல் தாங்க முடியாது என்று 2010-இல் ஆய்வாளர்கள் கணித்தார்கள். 2022-இல் வெளியான ஆய்வுக்கூடச் சோதனைகள், இளம் வயதினருக்கே அந்த எல்லை ஈரக் காற்றில் 31 டிகிரியை ஒட்டி வந்துவிடுவதாகக் காட்டின. ஆகவே புழுக்கத்தை வெறும் அசௌகரியம் என்று சொல்லிவிட முடியாது. அது ஓர் அளவைத் தாண்டினால் தண்ணீர் குடிப்பதும் நிழலில் ஒதுங்குவதும் உதவாது. குளிரூட்டிய அறைதான் ஒரே வழி.

செவிலியர்

ஒரு திருத்தம் மட்டும். வியர்வை நின்று தோல் உலர்ந்தால்தான் வெப்பவாதம் (ஹீட் ஸ்ட்ரோக்) என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உழைக்கும்போது வருகிற வெப்பவாதத்தில் உடம்பு நனைந்தே இருக்கலாம். பேச்சுக் குழறினாலோ, பெயரைக் கேட்டால் தடுமாறினாலோ, நடை தள்ளாடினாலோ அவசர உதவியை அழைத்துவிட்டு, அது வரும்வரை காத்திராமல் உடனே குளிர்விக்கத் தொடங்குங்கள். வறண்ட ஊரில் தண்ணீர் தெளித்து விசிறினால் நன்றாகவே வேலை செய்யும். புழுக்கத்தில் அது போதாது. இயன்றால் கழுத்துவரை குளிர்ந்த நீரில் அமர்த்துங்கள். நினைவு தடுமாறுகிறவரின் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

இழையைத் தொடங்கியவர்

மேற்பார்வையாளர் எழுதியதைப் படித்தபின் என் ஓட்டை மாற்றிக்கொள்ளவில்லை என்றாலும், அது அறைக்குள் உட்கார்ந்து வேலை செய்தவனின் ஓட்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆறு ஆண்டுகளில் நான் தொடர்ந்து ஒரு மணி நேரம்கூட வெயிலில் நின்றதில்லை.

ஏசி நண்பரின் பதிவை இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே படித்திருக்க வேண்டும். கடலோரத்துக்குத் திரும்பியபோது, பாலைவனத்தில் எங்களைக் காப்பாற்றிய ஏர் கூலரை லாரியில் ஏற்றி இவ்வளவு தூரம் கொண்டுவந்தேன். முதல் இரவிலேயே அறைக்கதவு உப்பிக்கொண்டு மூட முடியாமல் போயிற்று. இப்போது அதன் தொட்டிக்குள் பழைய செய்தித்தாள்களைப் போட்டு வைத்திருக்கிறோம், அவையும் நமுத்துப்போயிருக்கின்றன.